உப்பில்லாத கஞ்சிக்கு இறங்கும் வாத்துகள்

“ஊர்ல இருக்கிறவன் பொண்டாட்டியெல்லாம் தேடிக் கண்டுபிடிச்சுக் குடுக்கிற, என் பனியன் எங்க கெடக்குன்னு கேட்டா மட்டும் தெரியாதுங்கிற, இது என்ன குடும்பமா இல்ல வேடந்தாங்கலா?” என்று என் வீட்டுக்காரர் தஸ்நேவிஸ், தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள் காலையில் கேட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. குளியலறை வாசலில் துண்டோடு ஒரு தடவை, இட்லித் தட்டுக்கு முன்னால் ஒரு தடவை, தெருவுக்குக் கேட்கட்டும் என்று கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு தடவை. நான் ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அடுத்தவர் சொன்னதைச் சொல்லும்போது சொன்னபடியே சொல்ல வேண்டும் என்று கான்வென்டில் சிஸ்டர் பெர்த்தில்லா விரல் முட்டியில் ஸ்கேலால் அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

“பனியன் கொடியில கெடக்கு. கொடி மொட்டமாடியில இருக்கு. மொட்டமாடிக்குப் படி இருக்கு,” என்றேன்.

“அதை விடு. இன்னிக்கு அவன்கிட்ட சொல்லிரு ஹில்டா. இன்னிக்கோ நாளைக்கோ வாத்தெல்லாம் கெளம்பிரும். பாவம் பங்கிராஸ், மூணு மாசமா பொண்டாட்டி இல்லாமக் கெடக்கான்.”

“நான் இருபத்தாறு வருஷமா பனியன் எடுத்துக் குடுத்துட்டுக் கெடக்கேன். என்னைப் பாவம்னு ஒருத்தரும் சொல்லல.”

அவர் பனியன் இல்லாமலேயே சட்டையை மாட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். அங்கே அவர் மேஸ்திரி. நாற்பது பேரை வேலை வாங்குவார். ஒரு கொடியிலிருந்து ஒரு பனியனை எடுக்க அவருக்கு ஆள் வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக, ஏனென்றால் திரும்பத் திரும்ப இதைச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எங்கள் வெள்ளாங்கரைக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்புப் பாத்திகள், நடுவில் நிலமும் அல்லாத கடலும் அல்லாத உப்பங்கழி. கார்த்திகை மழை விட்டதும் அங்கே உமரிச் செடி சிவந்து நிற்கும், பவளக்கால் உள்ளான்கள் வந்து சேற்றில் நடை பழகும், பூநாரைகள் வந்து தலைகீழாகக் குனிந்து நிற்கும், கரண்டிவாயன்கள் தண்ணீரைத் துழாவும், கடைசியாக ஒரு நாள் வடக்கேயிருந்து வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும், வெள்ளைத் தலையில் காதுக்குக் காது ரெண்டு கறுப்புக் கோடு போட்டவை, பனிமலைக்கு மேலே பறந்து வருகிறவை. அவை இறங்குகிற அன்று எங்கள் ஊரில் கல்யாணமான பெண் ஒருத்தி காணாமல் போயிருப்பாள். கூட்டத்தில் அந்த ஜாதியைச் சேராத வாத்து ஒன்று கூடுதலாக இருக்கும். அவ்வளவுதான். இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

முதலில் போனவள் எமரென்சி, கோயில் மணி அடிக்கிற சூசைமரியானின் மனைவி. அது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். துணி துவைத்துக்கொண்டிருந்தாள், வாளியில் பாதி பிழிந்த வேட்டி அப்படியே கிடந்தது, சோப்பு நுரைகூட அடங்கவில்லை, அவள் இல்லை. ஊரார் கிணற்றில் தேடினார்கள், பஸ் ஸ்டாண்டில் தேடினார்கள், அவளுடைய அம்மா வீட்டுக்குப் போன் போட்டார்கள். நான் மட்டும் உப்பங்கழிக் கரையில் என் பைனாகுலரோடு நின்றேன். அது தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரன் விற்றுவிட்டுப் போனது, கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று நான் வாங்கிய ஒரே பொருள். கான்வென்டில் சிஸ்டர் பெர்த்தில்லா பறவைப் படங்களை ஆல்பத்தில் ஒட்ட வைத்துப் பெயர் கேட்பார். தப்பாகச் சொன்னால் ஸ்கேல். அந்தப் பயத்தில் படித்தது எனக்கு மறக்கவே இல்லை. வரித்தலைகள் பத்தொன்பது இருந்தன. இருபதாவதாக ஒரு சாம்பல் வாத்து நின்றது, ரோஸ் நிற அலகு, எங்கள் பக்கம் எட்டிப்பார்க்காத இனம். மற்றவை உமரியைப் பறித்த இடத்திலேயே தின்றுகொண்டிருக்க, இது மட்டும் ஒவ்வொரு கிளையாகக் கிள்ளி, ஒரு பக்கமாகச் சேர்த்து அடுக்கி வைத்துவிட்டு, பிறகு தின்றது. மார்க்கெட்டில் முருங்கைக்கீரையை அப்படி ஆய்கிறவள் ஊரிலேயே ஒருத்திதான்.

“அந்தா, ஓரத்துல நிக்கிறது உங்க சம்சாரம்,” என்று சூசைமரியான் அண்ணனிடம் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கொஞ்சம் மெலிஞ்சிருக்கா,” என்றார்.

மெலிவைப் பற்றித்தான் ஊரும் பேசியது. வாத்தாக ஆனதைப் பற்றி ஒரு வாரம்கூடப் பேசவில்லை. தையில் சென்னையிலிருந்து பறவை பார்க்கிறவர்கள் ஜீப்பில் வந்தார்கள், பீரங்கி மாதிரி லென்ஸோடு, தமிழ்நாட்டின் தென்கோடியில் சாம்பல் வாத்தா என்று தொப்பி போட்ட ஒருவர் கண்கலங்கினார், இன்னொருவர் “பின்பக்கம் திரும்பட்டும், அந்த வெள்ளையை எடுத்தால்தான் ரெக்கார்டு நிற்கும்,” என்று மண்டியிட்டுக் காத்திருந்தார், சூசைமரியான் அண்ணன் போய் அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். நான்தான் விலக்கிவிட்டேன். ஜீப்காரர்களுக்கு ஏன் என்று இன்றுவரை தெரியாது.

எமரென்சி திரும்பி வந்த கதையை ஊரில் தப்பாகவே சொல்கிறார்கள், அதனால் கவனமாகச் சொல்கிறேன். சாம்பல் புதனுக்கு முந்தின நாள், சமைக்கத் தெரியாமல் மூன்று மாதம் டீக்கடை வடையில் உயிர் வாழ்ந்த அந்த மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கஞ்சி காய்ச்சி, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போய், உப்பங்கழி வரப்பில் உட்கார்ந்து, அழுதுகொண்டே குடிக்கப் பார்த்தார். சாம்பல் வாத்து தண்ணீரைவிட்டு ஏறி வந்தது. சட்டிக்குள் அலகை விட்டது. ஒரு வாய் எடுத்தது. தலையை உதறிற்று. அன்று சாயங்காலம் மணி அடிக்கிற நேரத்துக்கு எமரென்சி தலையெல்லாம் ஈரமாகப் பின்வாசல் வழியாக உள்ளே வந்து, “உப்பே போடலயே நீங்க,” என்று சொல்லிவிட்டு, அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஊர் ஆண்கள் இதிலிருந்து என்ன எடுத்துக்கொண்டார்கள்? உப்பில்லாத கஞ்சி வைத்தால் பெண்டாட்டி திரும்பி வருவாள். உப்பிலேயே பிறந்து, உப்பிலேயே கால் வெடித்து, உலகத்துக்கெல்லாம் உப்பு ஏற்றி அனுப்புகிற ஊரில், பங்குப் பேரவை கூடி, ஆண்கள் சமைக்கும்போது உப்பு போடக்கூடாது என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் ஆண்களுக்குச் சமையல் வகுப்பு நடந்தது. சாமியாரே வந்து முதல் அடுப்பை மந்திரித்தார். நன்றாகச் சமைத்துவிட்டவனைப் பார்த்து, “ஏ, இப்படி ருசியா வச்சா எவ வருவா?” என்று மற்றவர்கள் திட்டினார்கள்.

பிறகு எல்லாம் பழகிப்போனது. “என் தாயார் வாத்தாக இருப்பதால் நேற்று பள்ளிக்கு வர இயலவில்லை” என்று பிள்ளைகள் லீவு லெட்டர் எழுதினார்கள், வாத்தியார் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினார். பெண் பார்க்க வருகிறவர்கள் பாட்டுத் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, பொண்ணுக்கு அண்ணாந்து பாக்குற பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். ரேஷன் கடைக்காரர், ஒருத்தர் கழியில இருக்காங்கன்னா அந்த மாசச் சீனி கிடையாது என்றார். மாதா சபைப் பெண்கள் நாங்கள் ஒரு பட்டியல் போட்டோம்: பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதுகிற வருஷம் போகக்கூடாது, மாமியார் படுக்கையில் இருந்தால் போகக்கூடாது, மற்றபடி வயது வரிசை. வாத்துகள் பட்டியலைப் பார்க்கவில்லை. யார் போவாளோ அவள் போனாள். பட்டியலில் மூன்றாவதாக இருந்த என் பெயர் மூன்றாவதாகவே இருந்தது.

நான் ஏன் போகக்கூடாது என்பதற்குக் காரணத்தை எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். “நீ போய்ட்டா எது யாருன்னு யாரு சொல்லுவா?”

இதற்குக் காரணம் கஸ்பார். போட் எஞ்சின் மெக்கானிக். அவன் மனைவி மெற்றில்டா வாத்தாகப் போன அந்த வருஷம், சரியாகத் திரும்ப அழைக்க வேண்டிய வாரத்தில் என் அம்மா இறந்துவிட்டாள், நான் பத்து நாள் தூத்துக்குடியில் இருந்தேன். ஆண்கள் தாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று கிளம்பி, இருப்பதில் லட்சணமாக இருந்ததைக் காட்டி, “இதுதான்டே உன் ஆளு,” என்று கஸ்பாருக்குச் சொல்லிவிட்டார்கள். கஸ்பார் உப்பில்லாத கஞ்சியை நீட்டினான். அது பசியில் தின்றது. பின்னாலேயே வீட்டுக்கு வந்தது. நான் திரும்பி வந்து பார்க்கிறேன், மெற்றில்டா வீட்டு அடுப்பங்கரையில் சுத்தமான வரித்தலை வாத்து ஒன்று நிற்கிறது.

“கஸ்பாரு, இது நெசமான வாத்துடா,” என்றேன்.

“கொஞ்ச நாள்ல சரியாயிரும் மைனி. ஆனா ஒண்ணு, முன்னைக்கு இப்ப வாய் கொறைஞ்சிருக்கு.”

எட்டு மாதம் குடும்பம் நடத்தினான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அதைப் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் கொண்டுவந்து விடுவான். அது பிரசங்கத்தின்போது தூங்கும், மற்றவர்களைப் போலவே. அடுத்த கார்த்திகையில் கூட்டம் வந்தபோது அது ஓட்டுக்கு மேலே ஏறிப் பறந்துபோனது, அன்று மத்தியானமே மெற்றில்டா தோளெல்லாம் உருண்டு திரண்டு, முகம் கறுத்து, பின்வாசல் வழியாக வந்தாள். என் அடுப்பங்கரையில் எவ இருந்தா என்று மட்டும் சண்டை போட்டாள். மலையைத் தாண்டிப் போய்விட்டால் அதற்கப்புறம் திரும்புவது போனவளுடைய இஷ்டம். அவள் வந்தாள், இன்னொரு வருஷம் போன கம்பவுண்டர் மனைவி வரவேயில்லை. அங்கே என்னடி இருக்கு என்று மெற்றில்டாவிடம் நான் ஒருத்திதான் கேட்டேன். அவள் என் காதுக்கு அருகில் வந்து, “யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க,” என்றாள்.

அந்த வாக்கியத்தை நான் நாலு வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

கஸ்பாருக்கு நடந்தது மறுபடி நடக்கக்கூடாது என்பதற்காக, கார்த்திகையிலிருந்து சாம்பல் புதன்வரை நான் ஊரைவிட்டு நகரக்கூடாது என்று ஆகிவிட்டது. என் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. பல் பிடுங்கப் போகவில்லை. நானும் என் வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன், நாலு வருஷமாக. பைனாகுலரைக் கையில் கொடுத்து, இது கூழைக்கடா, இது நாரை, இது வாத்து என்று. அவர் பார்த்துவிட்டு, “எல்லாத்துக்கும் மூக்கு இருக்கு,” என்றார். பொறுமை எனக்குக் கிடையாது. பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது பெர்பெத்துவுக்கு வருகிறேன். அடுத்த வீடு. ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற பங்கிராஸின் மனைவி. என்னைவிட எட்டு வயது இளையவள், நெற்றியில் மட்டும் பவுடரை அப்பிக்கொள்வாள், முகத்துக்குப் பூச நேரமில்லாமல் அதோடு நிறுத்திவிட்டு ஓடுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் ஒரு கிண்ணம் குழம்பு எப்போதும் போய்வந்துகொண்டிருக்கும். போன ஐப்பசியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் பண்ணிக்கொண்டோம். சேர்ந்து போவது. கூட்டம் வருகிற அன்று என் மொட்டைமாடியில் நிற்பது. பட்டியலாவது பேரவையாவது.

“அக்கா, அன்னிக்கு நீங்க அந்தப் பைனாகுலர் கண்ணாடியைக் கொண்டு வராதீங்க,” என்றாள்.

“ஏண்டி?”

“நீங்க எண்ண ஆரம்பிச்சிருவீங்க. எண்ணிக்கிட்டு நிக்கிற ஆளைப் பறவை எப்படிக்கா கூட்டிட்டுப் போவும்?”

நான் கொண்டு போகவில்லை. மாதா சத்தியமாகக் கொண்டு போகவில்லை. ஆனால் கண் இருக்கிறதே. அவை கடல் பக்கமிருந்து வளைந்து, ஆப்பு மாதிரி வரிசை கட்டி, ஒன்றின் சத்தத்தை ஒன்று வாங்கிக்கொண்டு தலைக்கு மேலே வந்தபோது, கொடியில் கிடந்த துணியெல்லாம் ஒரு தரம் உப்பி அடங்கியபோது, என் வாய் தானாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று போனது. பதினேழு என்றேன். பதினெட்டு என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு மட்டும் இருந்தது. இடது செருப்பில் இன்னும் சூடு இருந்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்து அவருக்குக் காப்பி போட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம், தினம் காலையில் பங்கிராஸ் என் வாசலில் நிற்பான். “மைனி, எது அவளுன்னு மட்டும் காட்டுங்க. தூர நின்னாவது பாத்துக்கிறேன்.” நான் இன்னும் தெரியவில்லை, வெளிச்சம் சரியில்லை, கூட்டம் கலைந்து கிடக்கிறது என்று ஏதாவது சொல்வேன். தெரியாமலென்ன? முதல் நாளே தெரிந்துவிட்டது. சின்ன உடம்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், அலகுக்கு மேலே நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை. வெள்ளை நெற்றி வாத்து. என் ஆல்பத்தில் கடைசிப் பக்கத்தில் இருந்த படம், நீங்கள் யாரும் ஆயுசுக்கும் பார்க்கப் போவதில்லை என்று சிஸ்டர் பெர்த்தில்லா சொன்ன படம். சாப்பாட்டை முடிக்காமல் பாதியிலேயே எழுந்து எழுந்து ஓடும், பிறகு எங்கே ஓடுகிறோம் என்று மறந்து நிற்கும். ஒரு மாதம் போனதும் ஓடுவது குறைந்தது. மாசி பிறந்தபோது அது ஒரே இடத்தில் நின்று கடைசிவரை தின்றது. தின்றுவிட்டுச் சும்மா நின்றது. பெர்பெத்து சும்மா நின்று நான் பார்த்ததே கிடையாது. அன்று கண்ணாடியை இறக்கிவிட்டு வெகுநேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

கோபம் அவள் மேலா, பங்கிராஸ் மேலா, எண்ணிய என் வாய் மேலா என்று எனக்கே பிடிபடவில்லை. அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் குழம்பு தீய்ந்தது.

ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, பாதி ஊர் உப்பங்கழி வரப்பில் நின்றது. சாமியார் குடையோடு வந்திருந்தார். என் வீட்டுக்காரர் பாத்தி வேலையை நிறுத்திவிட்டு அந்தச் சட்டையோடேயே வந்திருந்தார். எமரென்சி வந்திருந்தாள், மெற்றில்டா வந்திருந்தாள், இருவரும் தள்ளி நின்றார்கள். பங்கிராஸ் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கல்யாணச் சட்டை போட்டு, கையில் மூன்றடுக்குக் கேரியரோடு நின்றான். காற்று தெற்கேயிருந்து திரும்பியிருந்தது. வாத்துகள் மேயாமல், எல்லாம் ஒரே திசையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றன. கிளம்பப் போகிறவை அப்படித்தான் நிற்கும்.

“சொல்லும்மா ஹில்டா,” என்றார் சாமியார்.

“இன்னிக்கும் வெளிச்சம் சரியில்லைன்னு சொல்லாத,” என்றார் என் வீட்டுக்காரர்.

பங்கிராஸ் கேரியரைத் திறந்து என் முன்னால் நீட்டினான். “ஒரு வாய் பாருங்க மைனி. சரியா இருக்கா? அவளுக்குப் பிடிக்கிற பயத்தங்கஞ்சி. மூணு மாசமா தினம் வச்சுப் பாத்தேன். மொதல்ல அடிப் பிடிச்சுது. அப்புறம் தண்ணியா போச்சு. இப்ப கொஞ்சம் வருது.”

கரண்டியில் எடுத்து வாயில் வைத்தேன். பயறு வறுத்த வாசனை சரியாக இருந்தது, அரிசி குழைய வேண்டிய அளவுக்குக் குழைந்திருந்தது, தேங்காயைக் கடைசியில் போட்டு உடனே இறக்கியிருக்கிறான், இஞ்சி தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் எனக்காக ஒருவரும் இப்படி ஒன்று வைத்ததில்லை. உப்பு மட்டும் இல்லை.

“உப்பு போடலயா தம்பி?”

“போடலாமா? போட்டா வரமாட்டாளாமே?”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும், இதுவரை யாரிடமும் சொல்லாதது. எமரென்சி திரும்பி வந்த வருஷம், தெருக் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவளிடம் கேட்டேன்: அப்படி என்ன இருந்தது அந்தக் கஞ்சியில்? அவள் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: “ஒண்ணும் இல்ல. அதான் வந்தேன். ஒரு கல்லு உப்பு போடத் தெரியாத மனுசனை எப்படி விட்டுட்டுப் போறது? அது மட்டும் வாய்க்கு வெளங்குற மாதிரி இருந்திருந்தா, இவரு பாத்துக்கிடுவாருன்னு நிம்மதியா பறந்திருப்பேன்.” சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டாள்.

எங்கள் ஊர் ஆண்களுக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துதான் ஒன்பது வருஷமாக உப்பு போடாமல் இருக்கிறார்களோ என்று சில சமயம் தோன்றும்.

“நாலாவது வரிசை,” என்றேன். “தனியா நிக்கிறது. நெத்தியில வெள்ளை. அதான் உன் பெர்பெத்து.”

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பங்கிராஸ் கையை நெற்றிக்குமேல் வைத்துக்கொண்டு, “ஆமா... ஆமா மைனி, பவுடரு,” என்று சிரித்தான், அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கேரியர் என் காலடியில் திறந்து கிடந்தது. வரப்போரமாக அந்த வருஷத்தின் முதல் உப்பு வாரிக் குவிக்கப்பட்டிருந்தது, ஈரம் காயாமல், வெள்ளை வெளேரென்று. நான் குனிந்தேன். மூன்று விரலில் வருகிற அளவு எடுத்தேன். கஞ்சியில் போட்டு ஒரு சுற்றுக் கலக்கினேன். இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் கைக்குத் தெரியாத அளவா?

அவளுக்காகப் போட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் திரும்பி வந்து, நான் போகாத இடத்துக்குப் போய்வந்த முகத்தோடு எனக்குக் குழம்புக் கிண்ணம் நீட்டுவதை என்னால் பார்க்க முடியாது என்பதும் அந்த மூன்று விரலில் இருந்தது. பங்கிராஸின் கஞ்சி அவ்வளவு நன்றாக இருந்துவிட்டு உப்பில்லாமல் போகக்கூடாது என்பதும் இருந்தது. மூன்றும் ஒன்றாகத்தான் கரைந்தன.

அவன் கேரியரைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினான். முழங்கால்வரை. வெள்ளை நெற்றி வாத்து தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தது, கூட்டத்தைப் பார்த்தது, மெதுவாக வந்தது. பாத்திரத்துக்குள் அலகை விட்டது. எல்லோரும் அது தலையை உதறுவதற்காகக் காத்திருந்தார்கள். அது உதறவில்லை. இன்னொரு வாய் எடுத்தது. இன்னொன்று. கடைசிவரை, அடியில் ஒட்டியிருந்த பயறுவரை, ஓடாமல் எழாமல் நின்று தின்று முடித்தது. பிறகு தன் கழுத்தை நீட்டி பங்கிராஸின் மணிக்கட்டில் ஒரு நொடி வைத்தது. அதன்பின் நிமிர்ந்து, அவன் தோளுக்கு மேலாக, நேராக என்னைப் பார்த்தது.

“தின்னுட்டா மைனி! எல்லாத்தையும் தின்னுட்டா!” பங்கிராஸ் சேறு தெறிக்க வரப்பில் ஏறினான். “தலை ஈரமா வருவால்லா, வெந்நீர் போடணும். நான் போறேன், நீங்க வாங்க,” என்று காலிக் கேரியர் கடகடவென்று அடிக்க ஊரைப் பார்த்து ஓடினான். ஆட்கள் கைதட்டிக்கொண்டு அவன் பின்னால் போனார்கள். சாமியார் குடையை மடக்கினார். மெற்றில்டா போகிறபோக்கில் என் முதுகில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். எமரென்சி என் முகத்தைப் பார்க்காமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவர்கள் கோயில் திருப்பத்தைத் தாண்டி மறைந்து கொஞ்ச நேரத்தில் வாத்துகள் எழுந்தன. ஒரே நேரத்தில், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, இறக்கை காற்றை அடிக்கிற சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்க, உமரிச் செடிகள் எல்லாம் ஒரு பக்கம் சாய, எழுந்து, ஒரு தரம் ஊரைச் சுற்றி, பங்கிராஸின் ஓட்டுக்கு மேலே புகை கிளம்பிக்கொண்டிருந்ததைத் தாண்டி, வடக்கே. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். எண்ணவில்லை. ஒன்றுகூட எண்ணவில்லை. காலுக்கடியில் சேறு இருந்தது, கொஞ்ச நேரம் கழித்தும் சேறுதான் இருந்தது. கண்ணைத் திறந்தபோது வானத்தில் ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் போகாமல் நின்றிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது வானத்தை அல்ல. என் வலது கையை. முப்பது வருஷமாக உப்பில் நிற்கிற மனிதர், எந்தப் பாத்தியில் வாரியது என்று உப்பு மணியைப் பார்த்தே சொல்லிவிடுவார். என் மூன்று விரல் நுனியிலும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. நான் துடைக்கவில்லை.

ஊர்ப் பக்கமிருந்து பங்கிராஸின் பாத்திரச் சத்தம் கேட்டது. தண்ணீர் மொள்கிறான், அண்டாவில் ஊற்றுகிறான், மறுபடி மொள்கிறான். அவர் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். வெறும் மேலில் சட்டை வேர்வைக்கு ஒட்டிக் கிடந்தது. நான் பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றினேன், வாரைச் சுற்றினேன், அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

“ஏங்க,” என்றேன், “இன்னிக்கு ராத்திரிக்கு நீங்க ஒரு கஞ்சி வைங்களேன். உப்பு மட்டும் பாத்துப் போடுங்க.”

அவர் கண்ணாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.